பத்தில் ஒரு பங்கு வெள்ளத்தாயி

அரைக்குளம் என்றொரு ஊர். பக்கத்து ஊர்க்காரர்கள் அந்த ஊர் ஆட்களை மடையர்கள் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கணக்கு அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு. கால், அரைக்கால், வீசம், அரை வீசம் எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். கணக்குப் போட்டு முடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம்.

அந்த ஊரை உண்டாக்கியது அண்ணன் தம்பி இரண்டு பேர். வீடு, வயல், கிணறு, ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்களாம். அன்றிலிருந்து அந்த ஊரில் எதையும் இரண்டாகத்தான் பிரிப்பார்கள். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. வேறு மாதிரி பிரித்தால் முன்னோர்களுக்கு அவமரியாதை. மூன்று பேருக்கு ஒரு வாழைப்பழம் என்றால், நான்காவதாக ஓர் ஆளைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்து, அப்புறம்தான் பழத்தை உரிப்பார்கள். நான்காவது ஆளாக நானே அங்கே போய்ப் பழம் தின்றிருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பஞ்சாயத்தில் ஒரு கேள்வி கேட்டால், ஆமாம் என்பவர் எழுந்து நிற்பார், இல்லை என்பவர் உட்கார்ந்துவிடுவார். யோசித்துச் சொல்கிறேன் என்று யாராவது இழுத்தால் அவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். நிற்கவும் மாட்டேன், உட்காரவும் மாட்டேன் என்கிற ஆளை வைத்துக்கொண்டு என்ன பஞ்சாயத்து செய்வது?

நாட்டாமை முத்திருளாண்டி தன் மகளுக்குக் கலியாணம் செய்து முடித்த மறுநாள்தான் இது நடந்தது. பந்தலுக்குப் பின்னால் மிச்சச் சோறு மலை மாதிரி குவிந்து கிடந்தது. "சோத்தைப் பார்த்துக்கப்பா" என்று கோட்டைச்சாமியிடம் சொல்லிவிட்டு நாட்டாமை தூங்கப் போனார். கோட்டைச்சாமி பொறுப்பான ஆள். கண் கொட்டாமல் சோற்றைப் பார்த்தான். ஊரில் இருந்த பத்து எருமைகளும் வந்து, ஒரு பருக்கை விடாமல் தின்று முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

காலையில் பத்து எருமைக்கும் வயிறு உப்பிவிட்டது. பத்தில் ஒன்று ராசாத்தி. அதன் சொந்தக்காரி வெள்ளத்தாயி. வெள்ளத்தாயிக்குப் புருஷன் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. ராசாத்தியின் பால்தான் சோறு, ராசாத்திதான் பேச்சுத் துணை. கோபித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்றாலும் ராசாத்திதான். அந்த எருமை நாலு காலும் விறைக்க, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாட்டு டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். தட்டிப் பார்த்தார். பையிலிருந்து ஒரு பெரிய பாட்டில் மருந்தெண்ணெயை எடுத்து நாட்டாமை கையில் கொடுத்தார்.

"பத்து மாட்டுக்கும் சமமாப் பங்கு போட்டுப் புகட்டுங்க. ஒண்ணுக்குக் கூடுதல், ஒண்ணுக்குக் குறைச்சல்னு இருக்கக் கூடாது. மிச்சமும் வைக்கக் கூடாது. சீக்கிரம் ஆகட்டும், லேட் பண்ணினா மாடு தங்காது."

"எப்படிங்க பங்கு போடுறது?"

"கண்ணால பார்த்தாலே தெரியும்யா!" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். அடுத்த ஊரில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்ததாம்.

ஊரார் பாட்டிலை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுக் கண்ணால் பார்த்தார்கள். முதலில் நாட்டாமை பார்த்தார். பிறகு வரிசையாக எல்லாரும் பார்த்தார்கள். கண் புரை விழுந்த ஒருத்தரையும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து பார்க்க வைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"பத்துல ஒரு பங்கு," என்றார் நாட்டாமை, மோவாயைத் தடவிக்கொண்டு. "நம்ம ஊர்ல அரை உண்டு, கால் உண்டு. பத்துல ஒண்ணு யாருக்காவது பழக்கமா?"

யாரும் எழுந்து நிற்கவில்லை.

"மாடு ஒரு ஆறு கூடச் சேர்ந்து பதினாறா இருந்தா ஆளுக்கு ஒரு வீசம்னு கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்திருப்பேன்," என்று கோட்டைச்சாமி வருத்தப்பட்டான். ஆறு எருமை இரவல் வாங்கி, அவற்றுக்கும் சோறு போட்டு வயிற்றை உப்ப வைப்பதா என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். சோறு தீர்ந்துவிட்டதால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

அப்போது சிங்காரம் முன்னால் வந்தான். அவன் பட்டணத்துக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தவன். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி, "காலையில வந்ததும் எல்லாத்தையும் திறந்து வை" என்று சொல்லியிருந்தார். சிங்காரம் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து, கடையில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டரையும் திறந்து வைத்தான். வேலை அன்றோடு போயிற்று. ஆனாலும் கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்த ஒரே ஆள் ஊரில் அவன்தான்.

"கம்ப்யூட்டருக்கும் நம்ம ஊர் வழக்கம்தாங்க," என்றான். "அதுக்கும் ரெண்டே ரெண்டுதான் தெரியும். உள்ளே குட்டிக் குட்டியா வரிசையா ஆளுங்க மாதிரி இருக்கும். ஒண்ணு நிக்கும், இல்லைன்னா உட்காரும். நின்னா ஒண்ணு, உட்கார்ந்தா பூஜ்யம். முதல் ஆள் அரை, அடுத்தவன் கால், அதுக்கடுத்தவன் அரைக்கால். இப்படிப் பாதி பாதியாப் போயிக்கிட்டே இருக்கும். யார் யார் நிக்கிறாங்களோ அவங்க பங்கை எல்லாம் கூட்டினா அதுதான் கணக்கு. உலகத்துல உள்ள அத்தனை கணக்கையும் அப்படித்தான் அது வச்சிருக்கு."

ஊரே புல்லரித்துப் போயிற்று. பட்டணத்துக்காரன் லட்சம் லட்சமாகக் கொட்டிச் செய்கிற கம்ப்யூட்டர், அரைக்குளத்துப் பஞ்சாயத்துதானே!

உடனே தெருவில் வரிசை கட்டினார்கள். முதல் இடம் அரைப் பாட்டிலுக்கு உரியது. அதைவிடப் பெரிய இடம் கிடையாது என்பதால் நாட்டாமையே அங்கே போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

சிங்காரம் கேட்டான். "பத்து மாட்டுக்கும் ஆளுக்கு அரைப் பாட்டில் குடுத்தா இந்த ஒரு பாட்டில் காணுமா?"

"காணாது. அஞ்சு பாட்டில் வேணும்," என்றது ஊர்.

"அப்ப நாட்டாமை உட்காருங்க."

முத்திருளாண்டியின் மீசை துடித்தது. "நான் உட்கார்ந்தா என்ன அர்த்தம்?"

"பூஜ்யம்னு அர்த்தம்."

"என்னது? நான் பூஜ்யமா?"

"நீங்க இல்லைங்க. உங்க இடம் பூஜ்யம்."

"என் இடத்துக்கு இதுவரைக்கும் யாரும் பூஜ்யம்னு பட்டா குடுத்ததில்லை. நான் நிக்கத்தான் செய்வேன்."

"நீங்க நின்னா முதல் ரெண்டு மாட்டோட பாட்டில் காலிங்க. மிச்ச எட்டும் போயிரும்."

"என் ராசாத்தி எட்டுக்குள்ளதான் இருக்கா, சாமி! உட்காருங்க!" என்று வெள்ளத்தாயி அவர் காலில் விழப் போனாள். கடைசியில் யாரோ ஒருத்தர் கலியாணப் பந்தலில் இருந்து மாப்பிள்ளை நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். நாட்டாமை அதில் அமர்ந்தார். நல்ல நாற்காலியாக இருந்தால் பூஜ்யத்துக்கும் ஒரு களை வந்துவிடுகிறது.

கால் பாட்டிலைக் கேட்டார்கள். காணாது, அந்த ஆளும் உட்கார்ந்தார். அரைக்கால் பாட்டில், அதுவும் காணாது. நான்காவது இடம் வீசம். அங்கே தன் முறைக்காகக் குந்தியிருந்தவன் கோட்டைச்சாமி.

"பத்து மாட்டுக்கும் ஒவ்வொரு வீசம் குடுத்தா?"

"காணும்! மிச்சமும் இருக்கு!"

கோட்டைச்சாமி எழுந்து நின்றான். நாட்டாமை உட்கார்ந்திருக்க, தான் மட்டும் நிற்கிற பாக்கியம் அவனுக்கு வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அடுத்தவர் அரை வீசம். அவரும் நின்றார். அதற்குப் பிறகும் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம். மிச்சம் வைக்கக் கூடாது என்பது டாக்டர் சொல். அதனால் வரிசை நீண்டது.

அடுத்த இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த இரண்டு பேர் நின்றார்கள். இன்னும் மிச்சம் இருந்தது. முன்பு இருந்த அதே மிச்சம்தான், பதினாறில் ஒரு பங்காக இளைத்துப்போய் வந்திருந்தது. மறுபடி இரண்டு பேர் உட்கார, இரண்டு பேர் நின்றார்கள். அந்த மிச்சமே இன்னும் இளைத்து வந்து நின்றது. பங்குகளுக்குப் பெயர் வைத்து மாளவில்லை. வீசத்தில் வீசத்தில் அரைக்கால் என்று சொல்லி முடிப்பதற்குள் சிங்காரத்துக்கு நாக்கு வறண்டது.

"முடியப் போகுது, முடியப் போகுது" என்று சொல்லிக்கொண்டே அவன் வரிசையோடு நடந்தான். வரிசை கோயிலைத் தாண்டியது, ரேஷன் கடையைத் தாண்டியது, எருமைகளைக் கட்டியிருந்த புளியமரத்தை நெருங்கியது. இரண்டு பேர் நிற்க, இரண்டு பேர் உட்கார, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"ராசாத்தி கண்ணைச் சொருகுறாளே!" என்று வெள்ளத்தாயி கதறினாள். "அவளுக்காவது கொஞ்சம் ஊத்துங்களேன்!"

"எவ்வளவு?" என்று தெருவின் அந்தக் கோடியிலிருந்து நாட்டாமை கேட்டார்.

"கொஞ்சம்தான் கேக்குறேன்!"

"கொஞ்சம்ங்கிறவன் நிப்பானா, உட்காருவானா?"



இந்த நேரம் பார்த்து கோட்டைச்சாமியின் காலில் ஒரு கட்டெறும்பு கடித்துவிட்டது. அவன் "ஐயோ" என்று உட்கார்ந்து சொறிந்தான். உடனே ஊர் அலறியது.

"வீசம் உட்கார்ந்துட்டான்! வீசம் உட்கார்ந்துட்டான்!"

"மாட்டுக்குச் சேர வேண்டியதுல பாதிக்கு மேல போச்சு!"

"அடப்பாவி, ஒரு எறும்பு தின்னுற மருந்தாடா இது?"

கோட்டைச்சாமி பயந்துபோய் எழுந்தான். ஒரு விசாரணை நடந்தது. எறும்பு வரிசையைச் சேர்ந்தது இல்லை, ஆகவே அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் கடிக்கலாம், கோட்டைச்சாமி மட்டும் நிற்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

இப்படியே போய், ஊரில் ஆள் தீர்ந்துவிட்டது. மீதி இருந்தவர்கள் சிங்காரமும் வெள்ளத்தாயியும்தான். உட்கார வேண்டிய முறை வந்தபோது சிங்காரம் தானே போய் வரிசையில் உட்கார்ந்துகொண்டான். கடைசி இடம் புளியமரத்தடியில், ராசாத்திக்குப் பக்கத்தில். வெள்ளத்தாயி அங்கே உட்கார்ந்தாள்.

"இன்னும் மிச்சம் இருக்கா?" என்று நாட்டாமை கத்தினார்.

"இருக்குங்க. ஒரு முடி அளவு."

"இன்னும் எத்தனை ஆள் வேணும்?"

சிங்காரம் முன்னும் பின்னும் பார்த்தான். "இது தீராதுங்க. உலகத்துல உள்ள அத்தனை பேரையும் கொண்டாந்து நிறுத்தினாலும் ரெண்டு பேர் நிப்பாங்க, ரெண்டு பேர் உட்காருவாங்க, மிச்சம் இருந்துக்கிட்டே இருக்கும்." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "பட்டணத்துல இன்னொரு வழியும் சொன்னாங்க. பாதி பாதியாப் போகாம, பத்துப் பத்தாப் பிரிச்சு, ஒவ்வொரு இலக்கத்துக்கும் எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணுன்னு நாலு நாலு ஆளா ஒதுக்குறது. நம்ம கணக்கு பத்துல ஒண்ணுதானே? ஒரே இலக்கம். மூணு பேர் உட்கார்ந்து நாலாவது ஆள் நின்னாப் போதும். மிச்சமே வராது," என்றான்.

நின்றவர்கள் உட்கார்ந்தவர்களைப் பார்த்தார்கள்.

"நாலு பேர் போதும்னா," என்றார் நாட்டாமை மெதுவாக, "இத்தனை பேரும் வெயில்ல நின்னது என்னத்துக்கு?"

நியாயமான கேள்வி. அந்த வழியை எடுத்தால் முக்கால்வாசி ஊர் வீணாக நின்றதாக ஆகிவிடும். ஆகவே யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

சிங்காரம் வேறு உபாயம் சொன்னான். "வெள்ளத்தாயிக்கா, உங்களுக்கு அடுத்து ஓர் ஆள் இருந்திருந்தா அவன் நிக்க வேண்டியவன். அவன் இல்லை. அவனுக்குப் பதிலா நீங்க எழுந்திரிங்க. கம்ப்யூட்டரும் அப்படித்தான் செய்யுமாம்."

"இல்லாதவனுக்கு நான் எதுக்குடா நிக்கணும்?"

"நின்னா பங்கு கொஞ்சம் பெருசாகும்."

ராசாத்திக்குப் பங்கு பெரிதாகும் என்றதும் வெள்ளத்தாயி சட்டென்று எழுந்தாள்.

"நில்லு, நில்லு," என்று வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. கணக்கில் புலிகள் என்று முன்பே சொன்னேனே! "எல்லாப் பங்கும் ஒரு முடி பெருசானா, பத்தாவது மாட்டுக்கு வரும்போது பாட்டில்ல குறையும்! பத்துல ஒண்ணைப் பத்து தடவை ஊத்தினா ஒண்ணுக்கு மேல போயிரும்!"

"பத்தாவது மாடு யாரோடது?"

எல்லாரும் புளியமரத்தைப் பார்த்தார்கள். கடைசியாகக் கட்டியிருந்தது ராசாத்திதான்.

வெள்ளத்தாயி பொத்தென்று உட்கார்ந்தாள்.

"உட்கார்ந்தா பாட்டில்ல மிச்சம் நிக்கும்!" என்று ஊர் கத்தியது. "டாக்டர் மிச்சம் கூடாதுன்னாரே!"

எழுந்தாள். "குறையும்!" உட்கார்ந்தாள். "மிச்சம்!" எழுந்தாள். அவளுக்கு மூச்சு இரைத்தது. ராசாத்திக்கும் இரைத்தது. எங்கே தன்னால் அந்த வாயில்லா ஜீவன் செத்துவிடுமோ என்று வெள்ளத்தாயி அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து நானே கலங்கியிருப்பேன், நான் அங்கே இருந்திருந்தால்.

நாட்டாமைக்கும் மனது இளகியது. ஊர் வழக்கத்தையே கொஞ்சம் தளர்த்தி ஒரு முடிவு சொன்னார். "வெள்ளத்தாயி, நீ நிக்கவும் வேணாம், உட்காரவும் வேணாம். நடுவுல இரு."

வெள்ளத்தாயி முழங்காலை மடக்கி, நிற்பதற்கும் உட்கார்வதற்கும் நடுவில் அந்தரத்தில் இருந்தாள். கணக்கு சரியாகிவிட்டது என்று ஊர் ஆரவாரம் செய்தது.

"சரி, யாராவது போய் மருந்தை ஊத்துங்கப்பா," என்றார் நாட்டாமை.

யாரும் அசையவில்லை. யார் நகர்ந்தாலும் கணக்கு கலைந்துவிடும். ஊர் மொத்தமும் பத்தில் ஒரு பங்காக ஆகிவிட்டிருந்தது. பாட்டில் கல்லின் மேல் தனியாக இருந்தது.

"நாட்டாமை போகலாமே," என்றான் கோட்டைச்சாமி, எறும்புக் கடியைத் தாங்கிக்கொண்டு. "அவர் இடம் பூஜ்யம்தானே. பூஜ்யம் எழுந்து போனா என்ன குறையப் போகுது?"

"முட்டாளே!" என்று பதறினான் சிங்காரம். "முதல் ஆள் போனா ரெண்டாவது ஆள் முதல் ஆள் ஆயிருவான். நீ வீசம்லேர்ந்து அரைக்கால் ஆயிருவ. எல்லாப் பங்கும் ரெண்டு மடங்காயிரும்!"

"அப்ப நான் சும்மா உட்கார்ந்திருக்கிறதாலதான் கணக்கே நிக்குதுன்னு சொல்லு," என்றார் நாட்டாமை. அதற்குப் பிறகு அவரை அந்த நாற்காலியிலிருந்து யாராலும் கிளப்ப முடியவில்லை.

யார் ஊற்றுவது என்று அவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது, வெள்ளத்தாயியின் முழங்கால்கள் நடுங்கின. எவ்வளவு நேரம்தான் ஒருத்தி அந்தரத்தில் இருப்பாள்? "அம்மா" என்று ஒரு சத்தம். அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து, ராசாத்தியின் உப்பிய வயிற்றின் மேல் முழு எடையோடும் விழுந்தாள்.

ராசாத்தி வாயைத் திறந்தது. கலியாண வீட்டுச் சாம்பார் மணத்தோடு ஓர் ஏப்பம் வந்தது பாருங்கள், புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தோடின. மற்ற ஒன்பது எருமைகளும் மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு தெரு வழியாக ஓடின. நின்றவர்கள் விழுந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். நாட்டாமை நாற்காலியோடு சாக்கடையில் கிடந்தார். எருமைகள் ஊரைச் சுற்றி ஓடி, ஓடிய ஓட்டத்தில் ஒவ்வொன்றாக ஏப்பம் விட்டு, வயிறு வடிந்து, குளத்தில் போய்ப் படுத்துக்கொண்டன.

ராசாத்தி மட்டும் ஓடவில்லை. வெள்ளத்தாயியின் முகத்தை நக்கியது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பொழைச்சிட்டியா என் தங்கமே" என்று தேம்பினாள்.

டாக்டர் திரும்பி வந்தார். மாடெல்லாம் குணமாகிவிட்டது. பாட்டிலில் மருந்து அப்படியே இருந்தது.

"என்னய்யா குடுத்தீங்க?"

ஊரார் கூடிப் பேசினார்கள். மருந்து கொடுக்கவில்லை. மாட்டின் மேல் பட்டது வெள்ளத்தாயி ஒருத்திதான். குணமானது பத்து மாடு.

"வெள்ளத்தாயியைக் குடுத்தோம்ங்க," என்றார் நாட்டாமை, வேட்டியைப் பிழிந்துகொண்டு. "மாட்டுக்குப் பத்துல ஒரு பங்கு வெள்ளத்தாயி."

"அந்தம்மா இங்க முழுசா நிக்கிறாங்களேய்யா!"

இது ஊராருக்கும் கொஞ்சம் இடித்தது. பத்துப் பங்கும் போன பிறகு ஆள் எப்படி இருக்க முடியும்? சிங்காரம்தான் கண்டுபிடித்தான். "அக்கா விழுந்தப்போ உட்கார்ந்த வாக்குலதான் விழுந்தாங்க. கடைசி ஆள் உட்கார்ந்தா பங்கு குறைஞ்சு, மிச்சம் வரும்னு அப்பவே சொன்னோமே. அந்த மிச்சம்தான் இது."

எல்லாரும் எழுந்து நின்று அதை ஆமோதித்தார்கள். டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளத்தாயிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். "முடியளவு மிச்சத்தை வச்சுக்கிட்டு நாளைக்கு ராசாத்திக்கிட்ட எப்படிப் பால் கறப்பேன்?" என்று கேட்டாள்.

"இருக்கிறதை வச்சு முயற்சி பண்ணு தாயி," என்று நாட்டாமை ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் விடிந்ததும் வெள்ளத்தாயி வழக்கம்போல ராசாத்தியின் பக்கத்தில் குந்தி, மடியைக் கழுவி, கறக்க ஆரம்பித்தாள். ஊரே வேலி ஓரமாக நின்று மூச்சுவிடாமல் பார்த்தது. சொம்பு நிரம்பி, நுரை வழிந்தது.

நாட்டாமை மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மிச்சமே இவ்வளவு கறக்குதுன்னா, முழு வெள்ளத்தாயி இருந்திருந்தா எவ்வளவு கறந்திருப்பா! பாவம், நல்ல பொம்பளை."